ஆட்டத்துக்கு முன் உன் டீமை மாற்றிக்கொள்

தம்பி, உன் அப்பன் ஸலாம் சொல்லித் தொடங்குகிறேன். கோபமாக எழுதும்போதும் அதை விடக் கூடாது என்பது உன் அம்மாவின் சட்டம். அவள் கண்ணை மூடி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, சட்டம் இருக்கிறது. காலையிலிருந்து இதை எழுத உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருக்கிறேன். ஹீட்டரைக் கூட்டினேன், குறைத்தேன். தபால் வராத நேரத்தில் தபால் பெட்டி வரை நடந்துபோய்த் திறந்து பார்த்துவிட்டு வந்தேன். எதிர்வீட்டுக்காரன் கையை அசைத்தான், நானும் அசைத்தேன், எதற்கு வந்தேன் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாளைக்கு, சனிக்கிழமை, ஆட்டம். அதற்குள் உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நேற்று ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வைத்துவிட்டேன்.

இதை நீ மட்டும் படிப்பதற்காக எழுதவில்லை. பக்கத்து ஃபிரிஸ்கோவில் நம் சிநேகிதன் ரவி வீட்டில் அன்று இருந்த எல்லோருக்கும் அனுப்பப்போகிறேன். பந்தயம் ஊரறிய வைத்தது, பதிலும் ஊரறியத்தான் வர வேண்டும். அன்று பாதிப் பேர் சமையலறையில் இருந்தார்கள், அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். டிசம்பர் தொடக்கத்தில் நீ மருமகள் ஷிஃபாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு நியூஜெர்சியிலிருந்து வந்திருந்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பௌல் ஆட்டங்களுக்கான ஜோடிகளை அறிவித்தார்கள். கையில் பந்தை ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பாலில் கல்லூரிப் பருவம் முடிந்ததும், நன்றாக ஆடிய கல்லூரிகளை இரண்டிரண்டாக அழைத்து ஆடவைக்கும் கடைசி ஆட்டம் அது. நீ படித்த கல்லூரிக்கு எதிராக வடக்கே பனி ஊரிலிருந்து ஒரு கல்லூரியைப் போட்டார்கள். ஆட்டம் இங்கேயே, டல்லாஸ் பக்கம். நான் டிவியைப் பார்த்த உடனேயே சொன்னேன், பனி ஊர் டீம்தான் ஜெயிக்கும் என்று. நீ சோபாவிலிருந்து எழுந்துவிட்டாய்.

"அத்தா, சீரியஸாவா? எங்க காலேஜுக்கு அகெய்ன்ஸ்ட்டா எடுக்கிறீங்க?"

"காலேஜ் உன்னுது. கணக்கு என்னுது."

"ஓகே. அப்ப பெட். எங்க டீம் ஜெயிச்சா நீங்க உங்க வீட்டைக் காலி பண்ணிட்டு எங்களோட ஜெர்சிக்கு வர்றீங்க. நோ ஆர்க்யூமென்ட். தோத்தா ஒரு வருஷம் நான் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

"பந்தயம் கட்டுறது ஹராம்டா."

"காசா கட்டுறோம்? வாக்குதானே."

ரவி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தான். "பாய், கையைக் குடுங்க, சாட்சி நான். ஆனா ஒண்ணு, போன தடவை மாதிரி ஓடிப்போன ப்ளேயரை வச்சு ஜோசியம் சொல்லாதீங்க." எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காகத்தான் கையைக் கொடுத்தேன், வேறு எதற்காகவும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. காசு வைக்கவில்லை என்றாய். உண்மை. பந்தயத்தில் வைத்த பொருள் நான்.

ரவி சொன்ன 'போன தடவை'யை விளக்கிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவன் விளக்குவான். அதற்கு நான் இந்த ஆட்டத்துக்குள் எப்படி வந்தேன் என்பதிலிருந்து சொல்ல வேண்டும். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. நீ கல்லூரிக்குப் போன பிறகு வாரம் ஒருமுறை ஃபோன் செய்வாய், பேசுவதெல்லாம் ஃபுட்பால். உன் அம்மா ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இவன் என்ன பேசுறான்னே புரியல. நீங்களாவது கத்துக்கங்க, இல்லேன்னா பேச ஆளில்லாமப் பேசுறதையே விட்டுடுவான்" என்றாள். காப்பெலில் என் பிரிண்டிங் கடையில் பேனர் அச்சாகி வரும் நேரத்தில் பழைய ஆட்டங்களின் புள்ளிவிவரங்களை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். நான்கு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து அடுத்தவனுக்கு. ஆகவே மூன்றாவது முயற்சியில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளவே ஒரு பருவம் போயிற்று. நான்காவது முயற்சியில் பந்தைத் தூக்கி எதிரி பக்கம் உதைத்துக் கொடுத்துவிடுகிறார்களே, இது என்ன கோழைத்தனம் என்று நான் திட்டியதும் நீ ஃபோனில் விழுந்து விழுந்து சிரித்ததும் நினைவிருக்கிறதா? உன் அம்மாவுக்கு இந்த எண்களெல்லாம் வேண்டாம். கோச்சின் முகத்தைக் காட்டினால் போதும். "அந்தாளு மூஞ்சியைப் பாருங்க, வீட்ல சண்டை போட்டுட்டு வந்திருக்கான், இன்னைக்குத் தோப்பான்" என்பாள். என்னைவிட அவள்தான் அதிகம் சரியாகச் சொன்னாள் என்று நீ இன்னும் சொல்லித் திரிகிறாய். அதற்கு யாரிடமும் ஆதாரம் இல்லை.

போன தடவை நடந்தது இதுதான். ஒரு பௌல் ஆட்டத்துக்கு, பருவம் முழுக்க ஆடிய கணக்கை எல்லாம் அலசி, ரவி வீட்டில் எல்லோர் முன்னாலும் ஒரு டீமின் பெயரைச் சொன்னேன். அந்த டீம் மண்ணைக் கவ்வியது. பந்தை எறிகிற அதன் முக்கியமான பையன் ஆட்டத்துக்கு முன்பே வேறு கல்லூரிக்கு மாறிப் போயிருந்தான். அது தெரியாமல் அவன் எறிந்த எறியையெல்லாம் வைத்து நான் கணக்குப் போட்டிருக்கிறேன். சட்டையைப் போட்டவன் கடைசி ஆட்டம் வரை ஆடுவான் என்று நான் எடுத்துக்கொண்டேன். கல்யாண வீட்டில் பந்தி முடியும் முன் மாப்பிள்ளையின் தம்பி கிளம்பிப் போவானா? அப்படித்தான் என் புத்தி போயிற்று. நீ எல்லோர் முன்னாலும், "அத்தா, பௌல் கேமுக்கு சீசன் நம்பரை வச்சா பார்ப்பாங்க? முதல்ல யார் இருக்கா, யார் போய்ட்டான்னு பார்க்கணும்" என்றாய். சொன்னது சரி. சொன்ன இடம் சரியில்லை. வளர்ந்த பிள்ளை அப்பனைத் திருத்தலாம், ஆனால் காரில் திரும்பி வரும்போது திருத்தலாம். இதை உன் குழந்தை வளர்ந்து உன்னைத் திருத்தும் நாளில் யோசித்துப் பார்.

அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது அதைத்தான். யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள்.

இப்போது சனிக்கிழமை ஆட்டத்துக்கு வருகிறேன். உன் கல்லூரியின் எண்களைப் பார்த்தால் கண் கூசும். நிறைய பாயிண்ட், நிறைய யார்டு. ஆனால் அதில் செப்டம்பர் மாதத்தைக் கழித்துவிட்டுப் பார். அந்த மாதம் முழுக்க, காசு கொடுத்துக் கூட்டிவந்து அடித்து அனுப்புகிற சின்னச் சின்னக் கல்லூரிகள். டென்னிஸ் பந்தில் அடித்த செஞ்சுரியை யாராவது கணக்கில் வைப்பார்களா? அதைக் கழித்தால் உன் டீமும் பனி ஊர் டீமும் கிட்டத்தட்ட ஒரே உயரம். எதிரியின் கைதவறிய பந்துகளை உன் பையன்கள் அள்ளினார்கள் என்று பெருமைப்பட்டுக்கொள்கிறாய். கைதவறிய பந்து எந்தப் பக்கம் உருளும் என்று எந்தக் கணக்கும் சொல்லாது, அது அடுத்த ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் உருளும். பனி ஊர்க்காரர்கள் முதல் பாதியில் தூங்குவார்கள், இரண்டாம் பாதியில் சுவர் மாதிரி நிற்பார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் உன் டீம் உண்மையிலேயே மேல். மூன்றாவது முயற்சியில் ஒன்றோ இரண்டோ யார்டு தேவைப்பட்டால் தயங்காமல் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் ஓடி எடுத்துவிடுவார்கள். பலவீனமான டீமிடமும் எடுத்தார்கள், பலமான டீமிடமும் எடுத்தார்கள். இந்த ஒன்றுக்காகத்தான், ரவி வீட்டில் வாய்விட்டுச் சொன்ன பிறகும் எனக்குள் ஒரு பயம் இருந்தது. கொஞ்சம் தவறினாலும் நீ ஜெயித்துவிடுவாய், நான் ஜெர்சியில் உன் மான்மவுத் ஜங்ஷனுக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அந்த இரண்டு யார்டை எடுப்பது ஓடுகிற பையன் என்று நீ நினைக்கிறாய். அவன் படத்தைத்தான் ஃபோனில் வைத்திருக்கிறாய். நான் அப்படி நினைக்கவில்லை. கடையில் எத்தனை வருஷம் இந்த ஊர் ஹைஸ்கூல் டீம்களுக்கு பேனர் அடித்தேன்! கடைசி வருஷப் பையன்களின் பெற்றோர் போட்டோவோடு வருவார்கள். பந்தை எறிகிறவனுக்கும் ஓடுகிறவனுக்கும் ஆளுயரத்தில் கேட்பார்கள். முன்வரிசையில் குனிந்து நின்று முட்டித் தள்ளி வழி திறந்துவிடும் பருத்த பையன்கள் இருக்கிறார்கள் பார், அந்த லைன்மேன்களின் அம்மாக்கள் கடைசியில் வருவார்கள், கொஞ்சம் கூச்சத்தோடு. ஒருத்தி என்னிடம், என் மகன் பந்தைத் தொடும் போட்டோ ஒன்றுகூட இல்லை, என்ன செய்வது என்று கேட்டாள். அன்றிலிருந்து டிவியில் ஆட்டம் பார்க்கும்போது நான் பந்தைப் பார்ப்பதில்லை, அந்தப் பையன்களைத்தான் பார்க்கிறேன்.

உன் டீமின் லைனில் இரண்டு பேர் இல்லை, தம்பி. நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுப்பவனும் அவனுக்கு இடப்பக்கம் நிற்பவனும் வேறு கல்லூரிக்குப் போகப் பெயர் கொடுத்துவிட்டார்கள். பயிற்சிக்கே வரவில்லை. பெரிய செய்தியாக வரவில்லை, லைன்மேன் போனால் யார் எழுதுவார்கள்? உன் கல்லூரி மாணவர் பத்திரிகையில் ஒரு நீளமான கட்டுரையின் கடைசிப் பத்தியில் இருந்தது. நடுவில் நிற்கப்போகிறவன் முதல் வருஷப் பையன். உன் டீமின் உண்மையான பலம் என்று நான் எதைச் சொன்னேனோ, அதன் எண்களெல்லாம் அங்கே இல்லாத இரண்டு பேர் எடுத்த எண்கள்.

நேற்று நீ ஃபோன் செய்தபோது இது உனக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். குழந்தை பல் முளைத்து அழுதுகொண்டிருந்தாள். நீ அவளைத் தோளில் போட்டுக்கொண்டே, "அத்தா, பேக்கிங் ஸ்டார்ட் பண்ணிட்டீங்களா? சாட்டர்டே நடுவுலயே ரன் பண்ணி ரன் பண்ணி அவங்களை முடிக்கப்போறோம்" என்றாய். நடுவில்! அப்போதுதான் தெரிந்தது, நீ எதையும் படிக்கவில்லை. தூக்கமில்லாத அப்பனுக்கு எங்கே படிக்க நேரம்? என் வாய் வரை வந்தது. அப்புறம், ஒரு வருஷம் நிம்மதி என்று மனசு சொன்னது. ஒரு வருஷம் யாரும் வீட்டை விற்கச் சொல்ல மாட்டார்கள். "பாக்கலாம், பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த கையோடு ஆரம்பித்ததுதான் இந்த உட்காரலும் எழுந்திருத்தலும். இன்று ஜும்ஆ தொழுகைக்குப் போய்வந்தும் அடங்கவில்லை. யார் போய்விட்டார்கள் என்று முதலில் பார்க்கச் சொன்னவன் நீ. அதைப் பார்க்க நேரமில்லாமல் நீ நிற்கும்போது, அதை வைத்தே உன்னை ஜெயிப்பதா? அப்படி ஜெயித்த வீட்டில் நான் எப்படி உட்காருவேன்?

நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைக்காதே. இன்னும் இருக்கிறது. ரவி வீட்டில் அன்று பந்தயத்துக்குக் கை கொடுத்த பிறகு தண்ணீர் எடுக்கச் சமையலறைப் பக்கம் வந்தேன். நீங்கள் இருவரும் குழந்தைக்குப் பால் கலக்கிக்கொண்டிருந்தீர்கள். ஷிஃபா சொன்னாள், "மாமாகிட்ட நேராவே கேட்டுடுங்களேன், எதுக்கு இந்த பெட் எல்லாம்?" அதற்கு நீ, "கேட்டா நோன்னு சொல்வாரு. ஒன்ஸ் அவர் வாயிலேர்ந்து நோ வந்துடுச்சுன்னா, கியாமத் நாள் வரைக்கும் நோதான். உனக்கு அத்தாவைத் தெரியாது" என்றாய். தண்ணீர் எடுக்காமலேயே திரும்பிவிட்டேன். நீ சொன்னது பொய் இல்லை. என் வாயிலிருந்து வந்த 'இல்லை' எதுவும் இதுவரை திரும்பிப் போனதில்லை. ஆனால் வீட்டை விற்கச் சொன்னாயே தவிர, எங்களோடு வந்து இருங்கள் என்று ஒருமுறையாவது கேட்டுப் பார்த்தாயா? உன் ஜெர்சி வீட்டில் எனக்கென்று கீழறையில் கட்டில் போட்டாயிற்று, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வைத்தாயிற்று என்று ஷிஃபா சொல்லித்தான் தெரியும். சுவரில் ஓட்டை போடும் முன் என்னைக் கேட்டிருக்கலாம். நான் கைப்பிடி பிடிக்கிற ஆளா இல்லையா என்பதை உன் டிரில் மெஷின் தீர்மானித்துவிட்டது.

உன் கணக்கு எனக்குத் தெரியும். ஸ்மோக் அலாரத்தின் பேட்டரியை மாற்ற நாற்காலியில் ஏறினேன், விழுந்தேன், மணிக்கட்டு வீங்கியது, உன்னிடம் சொல்லவில்லை, ரவி சொல்லிவிட்டான். ஃபோனை எடுக்காமல் இருந்திருக்கிறேன். காரின் கண்ணாடியை கராஜ் சுவரில் உரசியிருக்கிறேன். இதையெல்லாம் அடுக்கிவைத்து, "ட்ரெண்ட் சரியில்ல அத்தா" என்றாய். ஒருமுறை பந்தைக் கைதவறவிட்டவனை வைத்து ஒரு டீமை எடைபோடுவாயா? அது போதாத கணக்கு. இதை ஆட்டத்தைப் பற்றி நீ சொன்னால் நானே உன்னைப் பார்த்துச் சிரித்து அனுப்பிவிடுவேன். ஆனால் என் பக்கத்துக் கணக்கையும் நேற்றிலிருந்து போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இத்தனை வருஷம் இந்த வீட்டைத் தனியாகச் சமாளித்தேனே என்று உன்னிடம் வாதாடினேன். தனியாகவா சமாளித்தேன்? மருந்து வேளைக்கு வந்ததும், அலாரம் கத்தும் முன்பே பேட்டரி மாறியதும், ஃபோன் அடித்தால் யாராவது எடுத்ததும் உன் அம்மா இருந்தபோது எடுத்த எண்கள். அவள் இல்லாத டீமுக்கு அவை பொருந்துமா என்று எனக்கே தெரியவில்லை. இதை எழுதிவிட்டு ஒருமுறை எழுந்துபோய் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். அணைத்திருந்தேன். அதையும் குறித்துக்கொள்.

ஆகவே என் கணிப்பு இது. முதல் பாதியில் உன் டீம் முன்னால் இருக்கும், நீ குதிப்பாய், எனக்கு ஃபோன் செய்யத் துடிப்பாய். இரண்டாம் பாதியில், ஒரு மூன்றாவது முயற்சியில், ஒரே ஒரு யார்டு தேவைப்படும். நடுவில் ஓடுவார்கள். கிடைக்காது. அதற்குப் பிறகு ஆட்டம் கை மாறும். பனி ஊர் டீம் ஒரு டச்டவுனின் ஏழு பாயிண்டுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்கும். ரவி இதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும், தவறினால் என்னை அடுத்த டிசம்பர் வரை ஓட்டட்டும்.

நீ செய்ய வேண்டியது ஒன்று. அந்த மாணவர் பத்திரிகையை எடுத்துக் கடைசிப் பத்தியைப் படி. படித்துவிட்டு, ஆட்டம் தொடங்கும் முன் உன் டீமை மாற்றிக்கொள். கல்லூரிப் பாசம் அது இது என்று சொல்லாதே, எண்களுக்குப் பாசம் தெரியாது. நீ மாற்றிக்கொண்டால் இருவரும் ஒரே பக்கம். ஒரே பக்கம் நிற்பவர்களுக்குள் பந்தயம் ஏது? ஹராமும் போயிற்று, சாட்சியும் போயிற்று, ரவி தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போகலாம். அப்புறம் என்னை ஜெர்சிக்குக் கொண்டுபோக உன் கையில் எந்த ஆட்டமும் இருக்காது. கேட்பது ஒன்றுதான் மிச்சம்.

நான் மாட்டேன் என்றுதான் சொல்வேன். ஒருவேளை இரண்டாவது தடவையும் மாட்டேன் என்பேன். உனக்குத் தெரிந்த அத்தாதானே. ஆனாலும் கேள். ஷிஃபாவை வைத்தும் கேட்காதே, குழந்தையை ஃபோனில் காட்டியும் கேட்காதே. சனிக்கிழமை மதியம் சோபாவில் உட்கார்ந்திருப்பேன், ஃபோன் கையிலேயே இருக்கும். ஆட்டம் தொடங்கும் முன் கூப்பிடு, நான் எடுப்பேன். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதே.

அத்தா